பிள்ளையாருக்கு எஞ்சினைத் திறந்து காட்டிய கதை

வவுனியா ரயில் நிலைய வாசலில் என் சகலை ரவீந்திரன் கார்ச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தபோது, மகளைக் கட்டிக்கொடுத்து வழியனுப்புகிற தகப்பன் மாதிரி அவர் கண் கலங்கியிருந்தது. கார் பழசு. ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்து, கப்பலேறி வந்து, கிளிநொச்சியில் மறுவாழ்வு வாழ்கிற குட்டிக் கார். தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். மூன்றே சிலிண்டர். பெட்ரோலைக் குடிக்காது, மோந்து பார்த்தே ஓடிவிடும் என்பது சகலையின் பெருமை. பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் தான் மட்டும் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்ததாகச் சொல்லிக்கொள்வார்.

நான் மதுரையில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். மனைவி செல்வி கிளிநொச்சிக்காரி. சின்ன வயதில் படகேறி வந்து, மண்டபம் முகாமில் வளர்ந்து, கடைசியில் மதுரையில் என்னிடம் மாட்டிக்கொண்டவள். அவளுடைய தங்கை சசி கிளிநொச்சியில் மணப்பெண் அலங்காரக் கடை திறந்திருந்தாள். அந்தக் கடைக்கு ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு கொண்டுபோய்க் கொடுப்பது எனக்கு இடப்பட்ட பணி. மகளுக்குப் பரீட்சை என்பதால் செல்வி வரவில்லை. கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "விளக்கக் குடுங்க, நல்லாச் சாப்பிடுங்க, திரும்பி வாங்க. எதையும் ரிப்பேர் மட்டும் பண்ணாதீங்க."

சகலைக்குக் கொழும்பில் ஒரு வாரம் வேலைப் பயிற்சி. அவர் ரயிலேறப் போகிறார், நான் காரை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போகிறேன், இதுதான் ஏற்பாடு.

"கார் ஓடுவீங்கள்தானே அண்ணை?" என்று கேட்டார். எங்கள் ஊரில் கார் ஓடும், மனிதன் ஓட்டுவான். இங்கே மனிதர்களே கார் ஓடுகிறார்கள். "ஓடுவேன், ஓடுவேன்" என்றேன்.

"பயப்பிடாதேங்கோ. ஒயில் நல்லாயிருக்கு" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒயில் என்றால் நடையழகு. இந்தத் தீப்பெட்டியில் என்ன ஒயிலைக் கண்டார் என்று காரை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது, ஆயிலைச் சொல்கிறார். இங்கே டாக்டர் டொக்டர் ஆவார். காபி கோப்பி ஆகும். ஆபீஸ் ஒபிஸ் ஆகும். நாம் வாயை 'ஆ' என்று திறக்கிற இடத்தில் இவர்கள் 'ஒ' என்று குவித்துக்கொள்கிறார்கள். என்ன எளிமையான விதி, ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டோமே என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

ரயில் ஊதியது. சகலை ஜன்னலிலிருந்து கத்தினார். "உந்த மஞ்சள் லைற் எப்பவும் எரியும், அதைப் பாக்காதேங்கோ! முறிகண்டியில நிப்பாட்டிப்போட்டுப் போங்கோ!"

கண்டி எனக்குத் தெரியும். மலை, ஏரி, யானை எல்லாம் இருக்கிற ஊர். கண்டி வந்ததும் நிறுத்தலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஓமந்தை வந்தது, புளியங்குளம் வந்தது, மாங்குளம் வந்தது, கண்டி வரவேயில்லை. ஓரிடத்தில் மட்டும் பஸ், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் சாலையோரம் வரிசையாக நின்றன. போலீஸ் சோதனை போலிருக்கிறது, நமக்கெதற்கு வம்பு என்று அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகவே கடந்தேன்.

குத்துவிளக்குகளை இறக்கி வைத்தபோது சசியின் வீட்டில் இடியப்பமும் சொதியும் சம்பலும் காத்திருந்தன. மதுரையில் இட்லிக்குச் சாம்பார் ஊற்றுவதில் ஒரு கணக்கு இருக்கும். இங்கே சொதியை மீன் குளம் நிரப்புவது போல ஊற்றுகிறார்கள். நான் நீச்சலடித்துக்கொண்டிருந்தபோது சசி கேட்டாள்.

"அத்தான், முறிகண்டியில நிப்பாட்டினனீங்களோ?"

"அங்க எதுக்கும்மா? செக்போஸ்ட்டுதானே?"

சசியின் கையிலிருந்த அகப்பை அந்தரத்தில் நின்றது. "பிள்ளையார் அத்தான்! அந்த ரோட்டால போற ஒருத்தரும் நிப்பாட்டாமல் போகமாட்டினம். ஒரு சில்லறையாவது போட்டுட்டுத்தான் வருவினம்."

"நான் வேகமாக் கும்பிட்டேன்" என்று ஒரு பொய் சொல்லிவிட்டு இன்னொரு இடியப்பம் எடுத்துக்கொண்டேன்.

*

மறுநாள் சசிக்குக் கடையில் வேலை. நான் பூநகரியைப் பார்த்துவிட்டு, அப்படியே இறால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். வழியெல்லாம் வயலும் வெட்டவெளியும் பனையும். ஒரு பஸ் போனது. இன்னொரு பஸ் எப்போது வரும் என்று நிறுத்தத்தில் நின்றவரிடம் கேட்டேன். "வரும்" என்றார். அதற்குமேல் அந்தத் தகவலில் சேர்க்க எதுவும் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

கடலேரி கண்ணில் பட்ட நேரத்தில் கார் நடுங்கத் தொடங்கியது. எங்கள் கடையில் அலுமினியக் குண்டான் அடுக்கு சரியும் முன்னால் ஒரு சின்னக் கடகடப்பு வரும். அதே சத்தம். ஸ்டியரிங் குலுங்கியது, இருக்கை குலுங்கியது, என் கன்னச் சதை தனியாகக் குலுங்கியது. எப்போதும் எரியும் என்று சொல்லப்பட்ட மஞ்சள் விளக்கு இப்போது கண்ணடித்தது. நான் காரை ஓரங்கட்டி, கதவைத் திறந்து, வெடிக்கப்போகிற குண்டைப் பார்ப்பது போல ஒரு வேலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தினார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"எஞ்சின் மிஸ் பண்ணுது."

"யாரைங்க?" என்றேன். என் சகலையைத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அவர் சிரிக்கவில்லை. "மூண்டில ஒண்டு வேலை செய்யேல்லை. ரெண்டில ஓடுது" என்றார். அதாவது, மூன்று பேர் தூக்கவேண்டிய பீரோவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார்கள். மூன்றாமவன் சும்மா கைவைத்துக்கொண்டு கூடவே வருகிறான். அதனால்தான் இந்த ஆட்டம்.

அதற்குள் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர். "பிளக் பிழைச்சுட்டுது" என்றார் மற்றவர், இங்கே பிழைப்பது என்றால் கெட்டுப்போவது. பழைய காரென்றால் இப்படித்தான், வித்துப்போட்டு ஒரு பசு வாங்குங்கோ என்றும் யோசனை வந்தது. நோயாளியைச் சுற்றி உறவினர்கள் மருந்து சொல்வது எங்கள் ஊரிலும் இதே மாதிரிதான், இங்கே மருந்தோடு இறாலும் விலைக்குக் கொடுக்கிறார்கள், அதுதான் வித்தியாசம்.

இறாலோடு மெல்ல உருட்டிக்கொண்டு திரும்பினேன். பாதி வழியில் ஒரு பள்ளத்தில் கார் விழுந்து எழுந்தது. எழுந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது! பட்டுத்துணி மாதிரி ஓடியது. விழுந்து எழுந்தால் சரியாகிற நோயைப் பற்றி வேறு யாராவதாக இருந்தால் யோசித்திருப்பார்கள். நான் பாட்டுப் பாடிக்கொண்டு வந்துவிட்டேன். சசியிடம் மூச்சு விடவில்லை. இறால் குழம்பு பிரமாதம்.

*

மூன்றாம் நாள் விடியும்போதே காரில் பெட்டிகள் ஏறின. ஒப்பனைப் பெட்டி, நகைப் பெட்டி, மாலைகள் வைத்த ஐஸ் பெட்டி, தலைமுடி காயவைக்கிற ட்றையர், சடையில் வைக்கிற பூக்கள், கொண்டை, ஊசி, பஞ்சு. ஓட்டுநர் நான். சசி பேசி வைத்திருந்த வேன்காரர் முதல்நாள் இரவு கையை விரித்துவிட்டார். நல்ல நாள் என்பதால் கிளிநொச்சியில் சக்கரம் உள்ள எதுவும் சும்மா இல்லை.

கல்யாணம் முள்ளிவாய்க்காலில். அந்தப் பெயரை நான் எங்கள் ஊரில் சுவரொட்டிகளில்தான் படித்திருக்கிறேன், கறுப்பு எழுத்தில். அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, வாழை கட்டி, ஒரு பெண் தலைக்குக் குளித்துவிட்டு என் மச்சினிக்காக உட்கார்ந்திருப்பாள் என்று எனக்கு அதுவரை தோன்றியதேயில்லை.

"மீன்பிடிக்கார ஆக்கள். கரையோரம் முழுக்கச் சனம் வரும்" என்றாள் சசி. பிறகு பொம்பிளையைப் பற்றி, அதாவது மணப்பெண்ணைப் பற்றி, தொடங்கினாள். "பொம்பிளையின்ர சித்திக்கு என்னைப் பிடிக்கேல்லை. புதுக்குடியிருப்பில ஒரு கடைக்காரி இருக்கிறா, அவாவைக் கூப்பிடச் சொல்லி நிண்டவா. பொம்பிளைதான் அடம்பிடிச்சு என்னைக் கேட்டது. இண்டைக்குப் பிழைச்சுதெண்டால் அந்தப் பக்கம் நான் பிறகு தலைகாட்டேலாது அத்தான்."

"நான் இருக்கேன்ல" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்ன எந்த இடத்திலும் நல்லது நடந்ததில்லை.

பரந்தன் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் நடுக்கம் திரும்பி வந்தது. இந்த முறை மாலைப் பெட்டியும் சேர்ந்து ஆடியது. மஞ்சள் விளக்கு கண்ணடித்தது. சசி என்னைப் பார்த்தாள். "இதென்ன?"

"மிஸ் பண்ணுதும்மா" என்றேன், வல்லுநர் குரலில்.

சகலையின் மெக்கானிக் அந்தோனி அண்ணையின் கராஜ் பரந்தனில்தான். பூட்டியிருந்தது. தொலைபேசியில் பிடித்தோம். உறவுக்காரக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று மன்னாருக்குப் போயிருந்தார். சிக்னல் கிடைக்காத இடம் போல, குரல் துண்டு துண்டாக வந்தது. போனை நான் காதில் வைத்திருந்தேன், சசி மாலைப் பெட்டியைப் பிடித்திருந்தாள். இந்தக் கதையின் எல்லாக் கேடும் இந்த இருக்கை ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

"எப்ப துவங்கினது?" என்று கத்தினார்.

"நேத்து!" என்றேன். சசியின் பார்வை என் கன்னத்தில் சுட்டது.

"மஞ்சள் லைற் மினுங்குதோ?"

"மினுங்குதுண்ணே!"

"அப்ப கோயில்தான்!"

"என்னதுண்ணே?"

"கோயில்! கோயில்! மூண்டு கோயில் இருக்கு. மூண்டையும் ஒவ்வொண்டாய்ப் பாருங்கோ. பாக்காமல் போனீங்களெண்டால் முல்லைத்தீவு போய்ச் சேரமாட்டியள்!"

பின்னணியில் மணி கணகணவென்று அடித்தது. இணைப்பு அறுந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"என்னவாம்?" என்றாள் சசி.

"மூணு கோயிலைப் பாக்கணுமாம். பாக்காமப் போனா போய்ச் சேர மாட்டோமாம்."

"ஆர், அந்தோனி அண்ணையோ சொன்னவர்? அவர் வேதக்காரர் எல்லோ!"

வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர். ஒரு கிறிஸ்தவர், ஞானஸ்நான வீட்டில் நின்றுகொண்டு, பிள்ளையாரைப் பார்க்கச் சொல்கிறார் என்றால் விவகாரம் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்!

"நீங்கள் முறிகண்டியில நிப்பாட்டாமல் வந்தனீங்கள் எல்லே, அதுதான்" என்றாள் சசி. பிறகு விரலை மடக்கினாள். "முறிகண்டிப் பிள்ளையார், ஒட்டுசுட்டான் சிவன், வற்றாப்பளை அம்மன். மூண்டும் மாங்குளம் ரோட்டால போனால் வழியிலதான் அத்தான். திருப்புங்கோ காரை!"

கிழக்கே கல்யாணம், நாங்கள் தெற்கே பறந்தோம். பறந்தோம் என்பது ஆசைக்குச் சொல்வது. இரண்டு சிலிண்டரில், வயிற்றுவலிக்காரன் நடப்பது போலப் போனோம்.

*

முறிகண்டியில் அதே வரிசை, அதே பஸ், லாரி. சோதனைச் சாவடி என்று நான் நினைத்த இடத்தில் சின்னஞ்சிறு கோயில், கற்பூரப் புகை, வறுத்த கச்சான் வாசம். வேர்க்கடலையைத்தான் கச்சான் என்கிறார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய், நமக்குக் கச்சான், எவ்வளவு நியாயமான பங்கீடு.

தேங்காய் வாங்கிக்கொண்டு வந்த எனக்கு ஒரு யோசனை. நோயாளியை டாக்டரிடம் கூட்டிவந்துவிட்டுச் சட்டையைக் கழற்றாமல் காட்டினால் எப்படி? காரின் முன்மூடியை, இவர்கள் பொனற் என்பதை, நன்றாகத் தூக்கி வைத்தேன். தேங்காயை எஞ்சினுக்கு மேல் மூன்று முறை சுற்றினேன். மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். போடுவதற்கு அங்கே அதிகமில்லை என்பது பிள்ளையாருக்கும் தெரியும், பேரம் பேசவில்லை.

தேங்காய் ஒரே அடியில் இரண்டாகப் பிளந்தது. "நல்ல சகுனம்!" என்றாள் கச்சான் விற்ற அக்கா. ஒரு மூடியில் தேங்காய்த் தண்ணீர் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதை வீணாக்குவானேன் என்று எஞ்சின் மேல் தீர்த்தமாகத் தெளித்தேன்.

"அத்தான், இந்தப் பக்கமும் தெளியுங்கோ" என்றாள் சசி. தெளித்தேன். "நடுவிலயும்." நடுவில் ஊற்றியே விட்டேன்.

கார் ஒரே சாவியில் எழுந்தது. நடுக்கம் இல்லை, சத்தம் இல்லை, பட்டுத்துணி! சசி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் கச்சானை வாய் நிறைய அடைத்துக்கொண்டு, இனி மதுரையில் எந்த மெக்கானிக்குக்கும் ஒரு பைசா கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்தேன்.

பொம்பிளையின் அம்மா அழைத்தார். சசி போனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"சசி பிள்ளை, எங்க நிக்கிறியள்?"

"இந்தா அக்கா, ஒட்டுசுட்டான் தாண்டீட்டம்!"

"ஒட்டுசுட்டானோ? நீங்கள் பரந்தனால எல்லோ வாறது?"

"இது... குறுக்குவழி அக்கா!" என்றாள். அந்தக் குறுக்குவழிக்கு அப்போது இன்னும் நீண்ட காடும் இரண்டு தெய்வமும் பாக்கி.

மாங்குளம் சந்தியில் கார் மறுபடி இருமியது. இந்த இருமல் வேறு. இரண்டு குலுக்கல், ஒரு நிறுத்தம், பிறகு பின்னாலிருந்து 'டமார்' என்று ஒரு வெடி. நான் தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே கொண்டுபோய்விட்டேன். எட்டிப் பார்த்தபோது தேத்தண்ணிக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் பேப்பரிலிருந்து தலையைக்கூட உயர்த்தவில்லை.

"பயந்திட்டீங்களோ தம்பி?" என்றார்.

"நீங்க பயப்படலையாய்யா?"

"அது கார்" என்றார். "எங்களுக்கு வித்தியாசம் தெரியும்." பக்கத்தைப் புரட்டினார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து கியரைப் போட்டேன்.

*

ஒட்டுசுட்டானில், சிவன் கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு கடை வாசலில் கார் கடைசி முறையாக ஒரு தும்மல் தும்மி நின்றது. சசி இறங்கி ஓடிப்போய்ச் சிவனைக் கும்பிட்டுவிட்டு ஓடிவந்தாள். கார் அசையவில்லை. போனில் பொம்பிளையின் அம்மா: "பிள்ளை, சித்திக்காரி புதுக்குடியிருப்புக்கு கோல் எடுத்திட்டா. அந்தக் கடைக்காரி பெட்டியோட வெளிக்கிடுறாவாம். நான் என்ன செய்ய?"

சசி போனைத் தாழ்த்தி, அசையாத காரைப் பார்த்தாள். அழவில்லை. முகத்துக்கு மட்டும் யாரோ வெள்ளைப் பவுடர் அதிகமாகப் பூசிவிட்டது போலிருந்தது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அந்தோனி அண்ணை. இப்போது குரல் மணி மாதிரித் தெளிவு. போனை ஒலிபெருக்கியில் போட்டேன்.

"என்ன, பாத்தனீங்களோ?"

"ரெண்டு பாத்தாச்சுண்ணே. மூணாவது வற்றாப்பளையில இருக்கு. அதுக்குள்ள வண்டி நின்னுபோச்சு!"

மறுமுனையில் ஞானஸ்நானக் குழந்தை அழுவது கேட்டது.

"எங்க இருக்கு எண்டனீங்கள்?"

"வற்றாப்பளையில."

"வற்றாப்பளையிலயோ! மூண்டும் எஞ்சினுக்கு மேலயெல்லோ இருக்கு! கொயில்! இக்னிசன் கொயில்!"

சசி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "அத்தான்... கொயிலோ அவர் சொன்னவர்?"

ஆயில் என்றால் ஒயில். அப்படியானால் காயில்? ஒரே நிமிடத்தில் விதியைக் கண்டுபிடித்த மேதை, அதை ஒரே ஒரு சொல்லுக்குப் போட்டுப் பார்க்கத் தவறியிருந்தேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தலைக்கு மேல் ஒரு காயில், தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற சாமான். மூன்று சிலிண்டர், மூன்று காயில். மனுஷன் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார்.

"ரெண்டு பாத்தனாங்கள் எண்டு சொன்னீங்களே, அங்க என்ன செய்தனீங்கள்?" என்றார் அந்தோனி அண்ணை. குரலில் சந்தேகம்.

"தேங்கா உடைச்சோம்."

"எங்க?"

"உடைச்சது கோயில்ல. தெளிச்சது... எஞ்சின்ல."

அவர் சிரித்த சிரிப்பில் ஞானஸ்நான வீடே கூடிவிட்டது. அவர் அங்கே ஒவ்வொருவருக்காகக் கதை சொல்வது எங்களுக்குக் கேட்டது. எங்கள் பக்கம் சசிக்கு முதலில் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பொனற்றின் மேல் சாய்ந்துவிட்டாள். "இந்தப் பக்கமும் தெளியுங்கோ எண்டு நானெல்லோ சொன்னனான்!"

"சிரிச்சது காணும், போதும்" என்றார் அந்தோனி அண்ணை. "பழைய வியாதி ஒண்டு, நீங்கள் ஊத்தின வியாதி ஒண்டு. முதல் ஊத்தினதைப் பாப்பம். கொயில் மூண்டையும் கழட்டி, குழிக்குள்ள நிக்கிற தண்ணியை ஒத்தி எடுங்கோ. நல்லாக் காயவேணும்."

கடைக்காரர் ஸ்பானரோடு வந்தார். அவருடைய பெற்றோர் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காணி வெட்டிக் குடியேறியவர்களாம். "ஐயா இந்தியாவுங்களா? நம்ம பூட்டன் திருச்சிப் பக்கந்தாங்க" என்று ஒரு நட்டு கழற்றும் நேரத்தில் சொந்தம் கொண்டாடிவிட்டார். "தேங்காத் தண்ணிய மனுசன்தானுங்க குடிக்கணும்" என்று ஒரு நீதியும் சொன்னார்.

காயிலைத் தூக்கியதும் நடுக் குழியில் முறிகண்டித் தீர்த்தம் பளபளத்தது. சசி ஒப்பனைப் பெட்டியைத் திறந்தாள். அதற்குப் பிறகு நான் வெறும் பார்வையாளன். கண்மை ஒற்றுகிற பஞ்சுக் குச்சியால் குழியின் மூலைமுடுக்கெல்லாம் ஒற்றினாள். கடையிலிருந்து வயர் இழுத்து ட்றையரைச் செருகினாள். பொம்பிளைக்குத் தலை காயவைப்பது போல, ஒரே இடத்தில் சூடு நிற்காமல், ஆட்டி ஆட்டி எஞ்சினுக்குக் காயவைத்தாள். சாலையில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். "காருக்கு என்ன, சாமத்தியச் சடங்கோ?" என்று ஒருவர் கேட்டார், எங்கள் ஊர் மஞ்சள் நீராட்டு விழாவைத்தான் சொல்கிறார். "ஓம், நீங்களும் மொய் எழுதிப்போட்டுப் போங்கோ" என்றாள், ட்றையரை எடுக்காமல்.

திரும்பப் பூட்டி எழுப்பினோம். வெடி இல்லை. ஆனால் பழைய நடுக்கம் இருந்தது.

"இப்ப ஒவ்வொரு கொயிலின்ர வயரையும் ஒருக்காக் கழட்டிப் பாருங்கோ" என்றார் அந்தோனி அண்ணை. "கழட்டேக்க எஞ்சின் இன்னும் மோசமானால் அந்தக் கொயில் நல்லது. ஒரு மாற்றமும் இல்லையெண்டால் அதுதான் வேலைக்கள்ளன்."

முதலாவது வயரைக் கழற்றினோம், கார் செத்தே போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினோம். ஒன்றும் ஆகவில்லை. பீரோவில் சும்மா கைவைத்துக்கொண்டு வந்தவன் பிடிபட்டான்! திரும்ப மாட்டும்போது சசியின் விரல் அதன் முனையை லேசாக அழுத்தியது. நடுக்கம் நின்றது. விரலை எடுத்தாள், நடுக்கம் வந்தது. மறுபடி அழுத்தினாள், நின்றது.

"காயில் நல்லாத்தான் இருக்கு! வயரைப் பிடிச்சிருக்கிற கொக்கி உடைஞ்சு, லூசா நிக்குது!" என்று கத்தினேன். பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் சரியானது, முறிகண்டியில் அற்புதம் நடந்தது, எல்லாம் அந்தக் கொக்கியின் திருவிளையாடல்.

"அப்ப இறுக்கிக் கட்டிப்போட்டு ஓடுங்கோ" என்றார் அந்தோனி அண்ணை.

எதால் கட்டுவது? கடையில் சணல் இருந்தது, வழுக்கியது. சசி ஒரு கணம் யோசித்தாள். பிறகு சடைப் பெட்டியைத் திறந்து, இறுக்கமான ரப்பர் வளையம் ஒன்றை எடுத்தாள். அதில் வெள்ளைத் துணியில் செய்த மல்லிகைப்பூ தைத்திருந்தது. பூவைப் பிய்த்தால் ரப்பர் அறுந்துவிடும். பூவோடு சேர்த்து மூன்று சுற்று சுற்றிக் கட்டினாள்.

கார் பட்டுத்துணியாக ஓடியது. கடைக்காரர் தேத்தண்ணிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார், படம் எடுத்துக்கொண்டார்.

*

வற்றாப்பளைக்குத் திரும்பும் இடத்தில் சசி ஓடுகிற காரிலேயே கைகூப்பினாள். "வரேக்க இறங்கிறன் தாயே, இப்ப பொம்பிளை பாத்துக்கொண்டிருக்கு." வட்டுவாகல் பாலத்தில், இருபுறமும் தண்ணீர் தளும்ப, கார் ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழுந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மல்லிகை தாங்கியது.

நாங்கள் பந்தலுக்குள் நுழைந்தபோது எங்களுக்கு முன்னாலேயே ஒரு ஆட்டோ நின்றது. புதுக்குடியிருப்புக்காரி பெட்டியோடு முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சித்தி எங்களைப் பார்த்துவிட்டு, "குறுக்குவழி நல்ல நீளம் போல" என்றாள். அறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. சசி தட்டினாள். "தங்கச்சி, நான்தான்."

கதவு திறந்தது. ஈரத் தலையோடு ஒரு பெண். "அக்கா, நீங்கள் வராட்டி நான் இப்பிடியே போய் மணவறையில இருந்திருப்பன்."

நேரம் பாதிகூட மிச்சமில்லை. சசி வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு முற்றத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, உங்களுக்குச் சீலை கட்டுற கை நல்ல வேகமாம் எண்டு கேள்வி. வாங்கோவன்." புதுக்குடியிருப்புக்காரி சித்தியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், எழுந்து உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. வாசலில் சித்தியும் நானும் மட்டும் மிஞ்சினோம். கச்சான் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

உள்ளே ட்றையர் உறுமுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் பொம்பிளையின் குரல்: "அக்கா, தேங்காய் மணக்குது."

"புது ஷாம்பூ தங்கச்சி" என்றாள் சசி.

கெட்டிமேளம் கொட்டியபோது பொம்பிளை மணவறையில் இருந்தாள், கூறைச்சேலையும் தலை கொள்ளாத பூவுமாக. கரையோரச் சனம் முழுக்க வாயைப் பிளந்து பார்த்தது. அப்போதே இரண்டு தாய்மார் சசியிடமும் புதுக்குடியிருப்புக்காரியிடமும் மாறி மாறி நம்பர் கேட்டார்கள். மணவறைக்குப் பின்னாலிருந்து பார்த்த எனக்கு மட்டும் சடையின் நடுவில் ஒரு பூ இருக்கவேண்டிய இடைவெளி தெரிந்தது. அந்தப் பூ வெளியே, வேப்பமர நிழலில், எஞ்சினுக்குள் இருந்தது. கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு முறை போட்டுக்கொண்டு அந்த ரகசியத்தையும் சேர்த்து விழுங்கினேன்.

*

நான் கிளம்புகிற அன்று அந்தோனி அண்ணை மன்னாரிலிருந்து வந்துவிட்டார். பரந்தன் கராஜில் பொனற்றைத் திறந்தார். பக்கத்துக் கராஜ்காரர்களையும் முன்கூட்டியே அழைத்து வைத்திருந்தார் என்பதைக் கவனித்தேன். எட்டிப் பார்த்தவர், நெடுநேரம் குனிந்தபடியே நின்றார்.

"கொயிலுக்குப் பூவும் வைச்சிருக்கிறியள்" என்றார்.

"கோயில்னா பூ வேணும்லண்ணே" என்றேன்.

கூட்டம் அடங்கப் பொறுமையாகக் காத்திருந்து, புதுக் கொக்கி ஒன்றைப் பொருத்தினார். ரப்பரை அவிழ்க்கப் போனவர், ரவீந்திரன் வந்து பார்க்கட்டும் என்று மனம் மாறி, அப்படியே விட்டுவிட்டார். மூடியை இரண்டு கையாலும் அழுத்திச் சாத்தினார். கைகழுவி வந்து ஜன்னலருகே குனிந்தார்.

"வவுனியாவுக்குத்தானே போறியள்? முறிகண்டியில நிப்பாட்டி, வடிவாக் கும்பிட்டுப்போட்டுப் போங்கோ" என்றார் வேதக்காரர். "பொனற்றை மட்டும் திறக்காதேங்கோ."